இரண்டாம் முறை எழுந்த இரவு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிறு குழு எடுத்து முடித்த திகில் படத்துக்கு, 1968இல் வெளியீட்டுக்குச் சற்று முன்பு பெயர் மாற்றவேண்டி வந்தது. 'நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' என்பது அதுவரை இருந்த பெயர். அதை ஒத்த பெயரில் 1964இலேயே வேறொரு படம் வந்துவிட்டிருந்தது. விநியோகத்தை ஏற்ற வால்டர் ரீட் நிறுவனம் பழைய தலைப்பு அட்டையை எடுத்துவிட்டு 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற புதிய அட்டையைச் சேர்த்தது. பழைய அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பு இருந்தது. புதியதில் அது விடுபட்டுப்போனது. அன்று நடப்பிலிருந்த 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பில்லாமல் வெளியான படைப்புக்கு உரிமை கிடையாது. திரைக்கு வந்த நாளிலேயே படம் பொதுச்சொத்தாகிவிட்டது.

உரிமையாளர் இல்லாத படத்தை யாரும் திரையிடலாம், யாரும் பிரதியெடுத்து விற்கலாம். தொலைக்காட்சி நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. வீடியோ கேசட் காலம் வந்ததும் ஊர்பேர் தெரியாத நிறுவனங்கள்கூட மங்கலான பிரதிகளை மலிவாக விற்றன. படத்தின் புகழ் வளர்ந்துகொண்டே போனது. எடுத்தவர்களுக்கு உரிய பங்கு வந்து சேரவில்லை. விநியோக நிறுவனத்தோடு அவர்கள் நடத்திய வழக்கும், அந்த நிறுவனம் திவாலாகிவிட்டதால் பயன் தரவில்லை. 22 ஆண்டுகள் கழித்து, 1990இல், அதே குழுவினர் தங்கள் படத்தைத் தாங்களே மறுபடி எடுத்தார்கள். மூலப் படத்தை இயக்கிய ஜார்ஜ் ஏ. ரொமேரோ திரைக்கதையைத் திருத்தி எழுதினார். அதன் இணை எழுத்தாளர் ஜான் ரூஸோவும் தயாரிப்பாளர்களில் ஒருவரான ரஸ்ஸல் ஸ்ட்ரைனரும் மறு ஆக்கத்தைத் தயாரித்தார்கள். இயக்கும் பொறுப்பு டாம் சவினியிடம் போனது.

மறு ஆக்கம் என்றாலே வணிகம் என்று ஒதுக்கிவைப்பது எளிது. இந்தப் படத்தின் பிறப்பிலும் வணிகம் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு படைப்பை உருவாக்கியவர்களே நடுவயதில் திரும்பி வந்து, அதே கதையை, அதே வீட்டை, அதே ஏழு மனிதர்களை மீண்டும் எழுதுவது திரைப்பட வரலாற்றில் அரிது. மூலத்தின் ஆற்றலில் பெரும்பகுதி, இயக்கியவர் திட்டமிடாமல் படத்துக்குள் வந்து சேர்ந்தது. மறு ஆக்கத்திலோ எல்லாமே தெரிந்து செய்யப்பட்டது. இந்த வேறுபாடு ஒரு பெண் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தது. ஒரு கறுப்பின நாயகனின் சாவிலிருந்து அதன் பொருளைப் பறித்தது. கடைசியில், மூலத்தில் இல்லாத ஓர் அறக்கேள்வியை எழுப்பியது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1990ஆம் ஆண்டுப் படத்தின் மதிப்பு விளங்கும்.

பண்ணை வீட்டில் பிறந்த படம்

ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் நகரில் லேட்டன்ட் இமேஜ் என்ற நிறுவனத்தை நடத்தி, விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். முழுநீளப் படம் எடுக்க ஆசைப்பட்டு 'இமேஜ் டென்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பத்துப் பேர், ஆளுக்கு 600 டாலர். பிறகு மற்றவர்களிடமும் திரட்டி, மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலரில் முடிந்தது. எவன்ஸ் சிட்டிக்கு அருகே, இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடு படப்பிடிப்புத் தளமானது. அந்த வீட்டின் நிலவறை படமெடுக்கத் தோதாக இல்லாததால், நிலவறைக் காட்சிகளைத் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் எடுத்தார்கள். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். பிணங்கள் தின்னும் குடலும் இறைச்சியும் கசாப்புக் கடையிலிருந்து வந்தவை. பின்னணி இசை, ஏற்கெனவே பதிவு செய்து வைக்கப்பட்டிருந்த இசைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. பணம் போட்டவர்களே நடித்தார்கள்: கார்ல் ஹார்ட்மன் ஹாரி கூப்பராக, மெரிலின் ஈஸ்ட்மன் அவன் மனைவி ஹெலனாக, ஹார்ட்மனின் சொந்த மகள் கைரா ஷோன் அவர்களுடைய மகளாக. தயாரிப்பாளர் ஸ்ட்ரைனர், கதாநாயகியின் சகோதரன் ஜானியாக வந்தார்.

கதை ஓர் இரவுக்குள் அடங்கியது. தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வந்த பார்பராவும் ஜானியும் ஒரு நடைப்பிணத்தால் தாக்கப்படுகிறார்கள். ஜானி விழுந்துவிட, பார்பரா ஒரு பண்ணை வீட்டுக்குள் ஓடி ஒளிகிறாள். பென் என்ற கறுப்பின இளைஞன் வந்து சேர்கிறான். சன்னல்களையும் கதவுகளையும் பலகை வைத்து அடைக்கிறான். நிலவறையில் ஏற்கெனவே கூப்பர் குடும்பமும் ஓர் இளம் காதல் இணையும் பதுங்கியிருக்கின்றன. நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வதா, மேல்தளத்தில் நின்று போராடுவதா என்று பென்னுக்கும் கூப்பருக்கும் மூளும் சண்டைதான் கதையின் முதுகெலும்பு. வெளியே இருக்கும் பிணங்களைவிட உள்ளே இருக்கும் பிடிவாதம் அதிக உயிர்களைக் குடிக்கிறது.

அதற்கு முன்பு திரையில் வந்த ஜாம்பி வேறு வகை. ஹெய்ட்டி நாட்டின் நம்பிக்கைகளிலிருந்து பிறந்து, 1932இல் 'ஒயிட் ஜாம்பி', 1943இல் 'ஐ வாக்ட் வித் அ ஜாம்பி' ஆகிய படங்களின் வழியே அமெரிக்கத் திரைக்கு வந்தவன் அவன். ஒரு மந்திரவாதிக்கு அடிமைப்பட்டு உழைக்கும் உடல். ரொமேரோ எசமானை நீக்கிவிட்டார். ரிச்சர்ட் மாதிசனின் 1954ஆம் ஆண்டு நாவலான 'ஐ ஆம் லெஜண்ட்' தந்த உந்துதலில், உலகமே மாறிப்போகும் ஒரு பெருங்கேட்டின் முதல் இரவைக் கற்பனை செய்தார். பிணங்கள் எவருக்கும் கட்டுப்பட்டவை அல்ல. மனித இறைச்சியைத் தின்பவை. கடிபட்டவரையும் தம்மைப் போலாக்குபவை. மூளை சிதைந்தால் மட்டுமே வீழ்பவை. இன்று உலகெங்கும் ஜாம்பிக் கதை சொல்பவர்கள் கைக்கொள்ளும் இலக்கணம் அந்தப் பண்ணை வீட்டில் எழுதப்பட்டதுதான்.

பென் பாத்திரம் கறுப்பினத்தவருக்காக எழுதப்படவில்லை. நடிகர் தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் சிறந்தவராக இருந்தார், அதனால் அவரை எடுத்தோம் என்று ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். திரைக்கதையில் பென் படிப்பறிவு குறைந்த, முரட்டுத்தனமான லாரி ஓட்டுநர். ஜோன்ஸ் நன்கு கற்றவர், நாடகம் பயின்றவர். அந்தப் பேச்சுநடையைத் தள்ளிவிட்டு, நிதானமும் அறிவும் கொண்ட ஒரு மனிதனை வடித்தெடுத்தார். படத்தில் எந்தப் பாத்திரமும் அவனுடைய நிறத்தைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. விடிந்ததும், எல்லோரும் செத்து அவன் மட்டும் எஞ்சி நிற்க, காவல் அதிகாரி மெக்லெலண்ட் தலைமையில் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர் கூட்டம் சன்னலில் தெரியும் உருவத்தைப் பிணம் என்றெண்ணி நெற்றியில் சுடுகிறது. பிறகு திரை அசைவதில்லை. செய்தித்தாள் படங்களைப் போலப் புள்ளிகள் தெறித்த நிழற்படங்களில், இறைச்சிக் கொக்கிகளால் அவனுடைய உடலை இழுத்துச்சென்று சிதையில் போடுகிறார்கள்.

முடிந்த படச்சுருளோடு நியூயார்க்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்த இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பின்னாளில் நினைவுகூர்ந்தார். அது 1968 ஏப்ரல் 4. படம் பிட்ஸ்பர்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அக்டோபர் 1. இடைப்பட்ட மாதங்களில் அமெரிக்கா கண்ட கொலைகளும் கலவரங்களும் அந்தக் கடைசி நிழற்படங்களுக்குள் புகுந்துகொண்டன.

இதைத் தற்செயல் என்று சொல்வது வழக்கம். அது இயக்குநர் பக்கத்து உண்மை மட்டுமே. ஜோன்ஸுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. செயற்கையான ஒரு முடிவில் பென் காப்பாற்றப்படுவதைவிட அவன் சாவதையே கறுப்பின மக்கள் விரும்புவார்கள் என்று ரொமேரோவிடம் வாதிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். எனவே மூலப் படத்தின் அரசியல், எவரும் எண்ணாமல் விளைந்தது அல்ல. படத்தில் ஒருவருக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. சட்டகத்தின் நடுவில் நின்ற நடிகர் தன் அனுபவத்தைக் கொண்டுவந்தார். கேமராவின் பின்னால் நின்றவர்கள் அதைத் தடுக்கவில்லை. மறு ஆக்கம் எடுக்கப்பட்டபோது அவர் இல்லை. 1988இல் இறந்துவிட்டார். இரண்டாம் படத்தின் இழப்பைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்கவேண்டும்.

மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது ஏன்

1980களின் முடிவில், மூலக் குழுவினரின் அச்சம் நியாயமானது. பொதுச்சொத்தான படத்தை வேறு யாராவது மறு ஆக்கம் செய்துவிட்டால் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஏற்கெனவே 1986இல் வேறொரு நிறுவனம் அதற்கு வண்ணம் பூசி வெளியிட்டிருந்தது. தாங்களே முந்திக்கொண்டு எடுத்தால் புதிய படத்துக்கான உரிமையாவது தங்களுக்கு இருக்கும். அந்தச் சமயத்தில்தான் சட்டமும் மாறியது: 1989 மார்ச் 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமைக் குறிப்பு கட்டாயமில்லை என்றானது. இருபது ஆண்டுகள் பிந்தி வந்த அந்த மாற்றம் பழைய படத்தை மீட்டுத் தரவில்லை. கேனன் நிறுவனத்திலிருந்து பிரிந்து '21ஸ்ட் செஞ்சுரி' என்ற நிறுவனத்தை நடத்திவந்த மெனஹெம் கோலன் பணம் போட முன்வந்தார். சுமார் 42 லட்சம் டாலர் செலவில் பென்சில்வேனியாவிலேயே படம் எடுக்கப்பட்டது. 1990 அக்டோபர் 19 அன்று கொலம்பியா பிக்சர்ஸ் வெளியிட்டது.

சவினியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது. பிட்ஸ்பர்க்காரரான அவர் மூலப் படத்திலேயே ஒப்பனைப் பணி செய்திருக்க வேண்டியவர். ராணுவத்தில் சேர்ந்து வியட்நாமுக்குப் போர்ப் புகைப்படக்காரராகச் சென்றுவிட்டதால் அது கைகூடவில்லை. அங்கே கண்ட சிதைந்த உடல்கள்தாம் தன் கலையை வடிவமைத்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். 1978இல் ரொமேரோவின் 'டான் ஆஃப் த டெட்', 1980இல் 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்', 1985இல் 'டே ஆஃப் த டெட்' ஆகிய படங்களின் ரத்தக் காட்சிகள் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயிருந்தன. அப்படிப்பட்டவர் தாம் இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படத்தில் ரத்தத்தைக் கட்டுக்குள் வைத்தார். ஒப்பனையை எவரெட் பர்ரெல், ஜான் வூலிச் ஆகியோரிடம் ஒப்படைத்தார். அவர்களின் பிணங்கள் மெலிந்து, வெளிறி, மார்பில் பிணக்கூராய்வுத் தையலோடு வருகின்றன. பயத்தைவிட இரக்கத்தை அதிகம் எழுப்புகின்றன.

மூலப் படம் எல்லா நிறுவனங்களின் பிடிக்கும் வெளியே பிறந்தது. அமெரிக்காவில் வயதுவாரியான தணிக்கைச் சான்று முறை 1968 நவம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. படம் அதற்கு ஒரு மாதம் முந்தியது. பகல்காட்சிக்கு வந்த சிறுவர்கள் அழுதுகொண்டு உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததை ரோஜர் ஈபர்ட் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. மறு ஆக்கத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சான்றிதழுக்காகக் காட்சிகள் வெட்டப்பட்டன. தயாரிப்புத் தரப்போடு முரண்பட்டு, தான் மனத்தில் கண்ட படத்தில் ஒரு பகுதியைத்தான் எடுக்க முடிந்தது என்று சவினி வருந்திச் சொல்லியிருக்கிறார். வெளியானபோது விமர்சகர்களும் கைகொடுக்கவில்லை. கறுப்பு வெள்ளையே இந்தக் கதைக்கு வலுவானது என்பதை நிரூபிக்கத்தான் புதிய படம் பயன்படும் என்ற தொனியில் ஈபர்ட் எழுதினார். திரையரங்கு வசூலும் செலவைச் சற்றே தாண்டியது.

பார்பரா எழுந்து நிற்கிறாள்

மூலத்தில் ஜூடித் ஓடே நடித்த பார்பரா, முதல் பத்து நிமிடங்களுக்குப் பிறகு கிட்டத்தட்ட உறைந்துவிடுகிறாள். சோஃபாவில் உட்கார்ந்து மேசைத் துணியை வருடுகிறாள், சகோதரனைத் தேடுகிறாள், பித்துப் பிடித்தவள் போலப் பேசுகிறாள். பென் அவளை ஓங்கி அடிக்கிறான். இறுதியில், பிணமாகத் திரும்பிவந்த ஜானியின் கைகளே அவளைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொள்கின்றன. அதிர்ச்சியில் உறைந்த மனத்தின் சித்திரம் என்ற அளவில் அது நம்பத்தகுந்தது. ஆனால் படத்தில் உள்ள மூன்று வயதுவந்த பெண்களில் ஒருவரும் நிலைமையை மாற்றும் ஒரு முடிவையும் எடுப்பதில்லை என்பதும் உண்மை.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர் ரொமேரோவே. அவருடைய அடுத்தடுத்த படங்கள் அதற்குச் சாட்சி. 'டான் ஆஃப் த டெட்' படத்தில் ஃபிரான் தனக்கும் துப்பாக்கி வேண்டும் என்கிறாள், ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். 'டே ஆஃப் த டெட்' படத்தில் சாரா, ராணுவ ஆண்களின் வெறிக்கு நடுவே அறிவைக் காக்கும் விஞ்ஞானி. அந்த வரிசையின் அடுத்த படி 1990இன் பார்பரா. திரைப்பட ஆய்வாளர் பாரி கீத் கிராண்ட் 1992இல் எழுதிய கட்டுரை, இந்தப் பார்பராவை மையமாக வைத்து ரொமேரோவின் படங்களில் பெண்ணியத்தின் இடத்தை விரிவாக ஆராய்ந்தது.

சண்டைக்காட்சிக் கலைஞராகவும் பயிற்சி பெற்ற பட்ரீஷியா டால்மன் அந்த வேடத்தை ஏற்றார். கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை, பாவாடை, கண்ணாடி என்று ஒடுங்கிய தோற்றத்தில்தான் அவளும் அறிமுகமாகிறாள். மூலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடக்கம் பரிச்சயமானது. அந்தப் பரிச்சயத்தையே சவினி கருவியாக்குகிறார். கல்லறைத் தோட்டத்தில் தள்ளாடி வரும் முதல் முதியவரைப் பார்த்ததும், இவர்தான் அந்தப் பிணம் என்று பார்வையாளர் முடிவுகட்டுகிறார். அவரோ அடிபட்டு, மன்னிப்புக் கேட்டபடி கடந்துபோகும் உயிருள்ள மனிதர். கவனம் தளர்ந்த அந்த நொடியில் உண்மையான தாக்குதல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தெரிந்த கதை என்று உட்கார்ந்திருப்பவரிடம், உனக்குத் தெரியாது என்று சொல்லும் காட்சி அது.

பண்ணை வீட்டுக்குள் அவளும் சிறிதுநேரம் நடுங்குகிறாள். பிறகு மீள்கிறாள். வீட்டில் கிடைத்த காற்சட்டையையும் பூட்ஸையும் அணிந்து, துப்பாக்கியை எடுக்கிறாள். வந்திருப்பவை உயிரற்றவை என்பதை மற்றவர்கள் ஏற்க மறுக்கும்போது, ஒரு பிணத்தின் மார்பில் அடுத்தடுத்துச் சுட்டு, அது நடந்துகொண்டே இருப்பதைக் காட்டி, கடைசியில் தலையில் சுட்டு வீழ்த்துகிறாள். பதற்றப்படுகிறாய் என்று அவளைக் குறைசொல்லும் ஆண்கள்தாம் ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் கண்டுபிடிப்பது இதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்று: இவை மிக மெதுவாக நடக்கின்றன, வீட்டை விட்டு வெளியேறி, கவனமாக இவற்றைக் கடந்து நடந்தே போய்விடலாம்.

மூலப் படத்தின் அடித்தளத்தையே அசைக்கும் கருத்து அது. நிலவறையா, மேல்தளமா என்ற சண்டையில் 22 ஆண்டுகளாகப் பார்வையாளர்கள் ஏதாவதொரு பக்கம் நின்றிருந்தார்கள். கூப்பர் சொன்னது சரியாகப் போயிற்று என்பதே மூலத்தின் கசப்பான முடிச்சு. பென் கடைசியில் தப்பிப் பிழைத்திருந்தது அந்த நிலவறைக்குள்தான். மறு ஆக்கம் இந்தத் தேர்வையே ஏற்க மறுக்கிறது. இரண்டு ஆண்களும் வீட்டைக் கைப்பற்றப் போராடுகிறார்கள். வீட்டையே துறந்துவிடலாம் என்பது அவர்கள் இருவர் அறிவுக்கும் எட்டவில்லை. உடைமையோடும் அதிகாரத்தோடும் கட்டுண்டு கிடக்காத ஒருத்திக்கு மட்டுமே கதவு திறந்திருப்பது தெரிகிறது. ரொமேரோ தன் பழைய கதையை இரண்டாம் முறை வாசித்துக் கண்டடைந்த விடை இது. எந்த விமர்சகர் எழுதிய மறுவாசிப்பைவிடவும் இது கூர்மையானது என்று கருதுகிறேன்.

பென் இழந்தது

பார்பரா பெற்றதற்கு ஈடாக, பென் ஒன்றை இழந்தான். டோனி டாட் நடித்த பென், ஜோன்ஸின் பென்னைவிட உணர்ச்சியை வெளிப்படுத்துபவன். களைப்பும் துயரமும் முகத்தில் தெரியும் மனிதன். டாட்டின் நடிப்பில் குறையில்லை. குறை, பாத்திரம் கொண்டுசெல்லப்பட்ட திசையில் இருக்கிறது. கூப்பரோடு நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் காயப்பட்டு, தான் கடைசிவரை எதிர்த்த நிலவறைக்குள் பென் தள்ளாடி இறங்குகிறான். நிலவறையே கதி என்று வாதிட்ட கூப்பர் மேலே பரணில் ஏறி ஒளிகிறான். பெட்ரோல் பம்பின் சாவி கிடைக்காமல் அந்த இளம் காதல் இணையைப் பறிகொடுத்த பென், அந்தச் சாவி நிலவறையில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறான். நாடக நயம் மிக்க காட்சி. காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது வெளியே வருவது பென்னின் பிணம். அதைச் சுடுகிறார்கள்.

இந்த மாற்றத்தால், சுட்டவர்களிடம் குற்றமில்லை என்றாகிறது. 1968இல் உயிரோடு இருந்த ஒரு கறுப்பின மனிதனை, ஒருமுறை கூர்ந்து பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் கொன்றார்கள். சுட்டவனுக்கு வெறுப்பு இருந்ததா என்று படம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. பார்க்காமலே முடிவெடுக்கும் பழக்கம்தான் அங்கே ஆளைக் கொல்கிறது. 1990இல் பென்னின் சாவு விதியின் விளையாட்டாகச் சுருங்கிவிட்டது. அது மனத்தை வருத்துகிறது; எவரையும் கூண்டில் ஏற்றவில்லை.

சவினியும் ரொமேரோவும் அந்த அரசியலை முழுவதும் கைவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. விடிந்தபின் வேட்டைக் கூட்டத்தோடு சேர்ந்துவிடும் பார்பரா, அவர்கள் பிணங்களை மரங்களில் தூக்கில் மாட்டி, பீர் குடித்துக்கொண்டு, குறிபார்த்துச் சுட்டு மகிழ்வதைப் பார்க்கிறாள். பிணங்களோடு மல்யுத்தம் நடத்திச் சிரிக்கிறார்கள். அமெரிக்க வரலாற்றில் மரத்தில் தொங்கும் உடல்களின் நினைவு என்ன என்பது எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவைதாம் நாம், நாம்தாம் அவை என்ற பொருளில் பார்பரா சொல்வதும் அங்கேதான். ஆனால் மரத்தில் தொங்குபவை பெயரற்ற உடல்கள். முழு இரவும் நாம் உடன்வாழ்ந்த மனிதனின் மேல் விழுந்திருந்த அநீதி, இப்போது முகமறியாத கூட்டத்தின் மேல் பொதுவாகப் பரவிவிட்டது. பரவிய அநீதி அறிக்கையாகிறது. ஒருவன்மேல் விழுந்த அநீதியே காயமாக நிற்கிறது. ஜோன்ஸ் என்ற நடிகர் வாதாடிப் பெற்ற முடிவை, அவர் இல்லாத படம் காக்கத் தவறிவிட்டது.

கூப்பர்மீது பாய்ந்த குண்டு

இந்த இழப்போடு படம் முடிந்திருந்தால், மறு ஆக்கம் பாதி வெற்றி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அதன் கடைசி நிமிடத்தில் ஒரு கொலை இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பிவரும் பார்பராவைக் கண்டதும், பரணிலிருந்து கூப்பர் உயிரோடு இறங்கி வருகிறான். அவன் பிணமல்ல என்பது அவளுக்குத் தெரியும். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே அவன் தலையில் சுடுகிறாள். கூட்டத்தினரிடம், எரிப்பதற்கு இன்னும் ஒன்று என்ற பொருளில் சொல்லிவிட்டு நடக்கிறாள். யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூலத்திலும் கூப்பர் சுடப்படுகிறான், சுடுபவன் பென். ஆனால் அங்கே கதவுகள் உடைந்துகொண்டிருக்கின்றன, துப்பாக்கிக்காக இருவரும் கட்டிப்புரண்டிருக்கிறார்கள், அடுத்த நிமிடம் யார் இருப்பார் என்பதே தெரியாது. கொலை அந்தப் பதற்றத்தின் விளைவு. மறு ஆக்கம் அதே கொலையை விடியலுக்கு ஒத்திவைக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டது. ஆயுதம் தாங்கிய கூட்டமும் காவல் அதிகாரியும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்தக் காவல் அதிகாரி மெக்லெலண்டாக நடித்திருப்பவர், 1968இல் முதல் பலியான ஜானியாக நடித்த ரஸ்ஸல் ஸ்ட்ரைனர். இரவின் சூட்டில் நடந்த செயல், காலையின் நிதானத்தில் நடக்கும் தண்டனையாகிறது.

திரையரங்கில் அந்தக் குண்டுக்குக் கைதட்டத் தோன்றும். கூப்பரின் சுயநலத்தை முழு இரவும் சகித்திருக்கிறோம். கைதட்டிய பின்புதான் அதன் கனம் தெரிகிறது. தலையில் சுடப்பட்ட உடல் எல்லாம் நடைப்பிணம்தான் என்று ஊரே ஒப்புக்கொண்டபின், அந்த ஒப்புதலின் நிழலில் எந்த மனிதனையும் கொல்லலாம். 1968இன் கூட்டம் தெரியாமல் ஒருவனைக் கொன்றது. 1990இன் பார்பரா, கூட்டத்தின் தெரியாமையைத் தெரிந்தே பயன்படுத்துகிறாள். கூட்டத்தின் கொடூரத்தைக் கண்டு அருவருத்த அதே பெண், சில நிமிடங்களில் அந்தக் கொடூரத்தின் பாதுகாப்பில் தன் தீர்ப்பை நிறைவேற்றுகிறாள். அவைதாம் நாம் என்று அவள் சொன்னது, அவளையும் உள்ளடக்கியே உண்மையாகிறது. படத்தை வெறும் பெண் எழுச்சிக் கதையாகப் படிப்பவர்களும், வெறும் நகல் என்று தள்ளுபவர்களும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

வேகமும் அறமும்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மறு ஆக்கம் இருக்கிறது. ரொமேரோவின் 'டான் ஆஃப் த டெட்' படத்தை 2004இல் ஸாக் ஸ்னைடர் மறுபடி எடுத்தார். அவருடைய முதல் முழுநீளப் படம் அது, திரைக்கதை ஜேம்ஸ் கன். வணிக அளவில் பெரும் வெற்றி. முதல் பத்து நிமிடங்களில் ஒரு புறநகர் வாழ்க்கை சரிந்துவிழும் விதம் இன்றும் வியக்கவைப்பது. ஆனால் அதில் பிணங்கள் ஓடுகின்றன. 2002இல் வந்த '28 டேஸ் லேட்டர்' படம் பிரபலமாக்கிய வேகம் அது. ஓடும் பிணத்தை ரொமேரோ கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

இது ரசனை வேறுபாடு மட்டும் அல்ல. பிணம் ஓடினால் அதுவே ஆபத்து. மனிதர் செய்யக்கூடியது ஓடுவதும் சுடுவதும்தான். பிணம் தள்ளாடி நடந்தால் மனிதருக்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை அவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதே கதையாகிறது. பண்ணை வீட்டு மனிதர்கள் அதைச் சண்டையில் செலவழித்தார்கள். பார்பராவின் கண்டுபிடிப்பு இந்த மந்தகதியால்தான் சாத்தியமானது; நடந்தே தப்பிக்கலாம் என்ற வாய்ப்பு எப்போதும் இருந்தது என்று தெரியும்போது, வீட்டுக்குள் நிகழ்ந்த ஒவ்வொரு சாவும் தவிர்த்திருக்கக்கூடியதாகிவிடுகிறது. ஸ்னைடரின் படம் மூலத்தின் சூழலை எடுத்துக்கொண்டு புதிய விறுவிறுப்பைத் தந்தது. சவினியின் படம் மூலத்தின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவ்விதிகளுக்குள் யாரும் பார்க்காத வழியொன்றைக் காட்டியது. வசூலில் முன்னது வென்றது. சிந்தனையில் பின்னது ஆழமானது.

மறு ஆக்கத்தை எதைக்கொண்டு அளப்பது

மூலப் படத்துக்கு உரிய மதிப்பு காலம் தாழ்த்தியேனும் கிடைத்தது. 1999இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. பொதுச்சொத்தாகி மங்கிப்போன பிரதிகளுக்கு மாற்றாக, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் புதுப்பித்த தெளிவான பிரதி 2016இல் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு ரொமேரோ மறைந்தார். 1990ஆம் ஆண்டுப் படத்துக்கு அப்படி ஒரு சடங்கும் நடக்கவில்லை. வீடியோவில் பார்த்தவர்களின் பரிந்துரையால் மெல்ல மெல்ல அதற்கென்று ஒரு ரசிகர் வட்டம் உருவானது, அவ்வளவுதான்.

மூலத்துக்கு நிகரா, இல்லையா என்ற கேள்வியைக்கொண்டு மறு ஆக்கங்களை அளக்கும்வரை, இத்தகைய படங்கள் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். ஒரு செவ்வியல் படைப்பு பிறந்த தருணத்தை எவராலும் திரும்ப உருவாக்க முடியாது. அதை எடுத்தவர்களாலும் முடியாது. டுவேன் ஜோன்ஸ் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததைத் திட்டமிட்டு எழுத முடியாது என்பதற்கு 1990இன் பென் சான்று. ஆனால் மூலம் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்க முடியும் என்பதற்கு 1990இன் பார்பரா சான்று. பழைய கதையின் எந்தக் கதவை இந்தப் படம் திறந்தது, திறக்கும்போது எதை உடைத்தது என்று கேட்பதே நேர்மையான அளவுகோல்.

அப்படி அளந்தால், சவினியின் படம் குறைகளோடும் ஒரு முக்கியமான படைப்பு. பார்க்காமல் கொல்பவர்களை 1968இன் படம் குற்றவாளிகளாக நிறுத்தியது. பார்த்துக்கொண்டே கொன்றுவிட்டு, பாராதவர்களின் கூட்டத்தில் கலந்துவிடுபவர்களை 1990இன் படம் நிறுத்துகிறது. முதல் குற்றம் அறியாமையிலிருந்து வருவது, விழித்துக்கொண்டால் திருத்தலாம். இரண்டாவது குற்றம் விழித்திருப்பவர்கள் செய்வது. அச்சம் சட்டமாகிவிட்ட எந்தச் சமூகத்திலும் இவ்விரு குற்றங்களும் அருகருகே நடக்கின்றன. அதனால்தான் இந்த இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒரே வழக்கின் இரண்டு சாட்சியங்கள். ஒன்றை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவது நியாயமாகாது.